வைரவர் பாலையில் கட்டிய வேப்பங்குழை

புதிதாய் வேலைக்குச் சேர்ந்திருக்கிற மூன்று பேருக்கும்,

இதை எழுதாமலே போய்விடலாம் என்றுதான் இருந்தேன். அடுத்த கிழமை எனக்குக் கட்டாருக்குப் பயணம். உடுப்பு அடுக்க வேண்டும். அம்மா கட்டித் தந்திருக்கிற மிளகாய்த்தூளில் பாதியை அவருக்குத் தெரியாமல் அலுமாரிக்குள் ஒளித்துவிட்டுப் போக வேண்டும். ஆனால் சுபா அக்கா விடவில்லை. ஏழு வருடம் இந்தக் காட்டில் காவலுக்கு நின்றவன், வாறவங்களுக்கு ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போ என்று ஒரு கொப்பியையும் பேனையையும் மேசையில் போட்டுவிட்டுப் போனார். ஓ.எல். சோதனையில் கணக்கில் மூன்று தரம் விழுந்தவனிடம் கேட்கிற வேலையா இது? எழுத்துப்பிழையை அவரே திருத்துவதாகப் பேச்சு. நக்கலைத் திருத்துவதாகப் பேச்சில்லை. ஆகவே, இருபத்தெட்டு வயதில் ஓய்வு பெறுகிற இந்தப் பெரியவர் சொல்வதைக் கவனமாய்க் கேளுங்கள்.

வந்த முதல் நாளே நீங்கள் மூவரும் கரடியைப் பற்றித்தான் கேட்டீர்கள். ஒருவர் யானையைப் பற்றியும் கேட்டார். கேட்டுவிட்டுக் கதவுப் பக்கமாய்க் கதிரையைத் திருப்பி வைத்ததையும் பார்த்தேன். கரடிக் கதை வேண்டுமானால் எங்கள் உழவு இயந்திரத்தை ஓட்டுகிற தவம் அண்ணையிடம் கேளுங்கள். மூன்று மணித்தியாலம் சொல்லுவார், அதில் ஒரு மணித்தியாலம் உண்மையாயிருக்கும். எனக்குக் கரடியில் பயமில்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த வேலையில் என் கை கால் விறைக்கிற மாதிரிப் பயந்தது ஒரே ஒரு நாள். அது ஒரு வேப்பங்குழையால் வந்தது. பிடுங்கியவன் நான்.

முதலில் காட்டைப் பற்றி. ஓமந்தையிலிருந்து கிழக்கே உள்ளுக்குப் போய், பிறகு வடக்கே திரும்புகிற கிரவல் றோட்டுத்தான் எங்கள் காட்டை இரண்டாகப் பிரிக்கிறது. றோட்டுக்கு மேற்கே புல்லும் பற்றையும் சின்ன மரங்களும். நடுவில் மோட்டை, அதாவது மிருகங்கள் தண்ணீர் குடிக்க வருகிற சின்னக் காட்டுக்குளம். றோட்டுக்குக் கிழக்கேதான் பெரிய காடு. பாலை, முதிரை, வீரை என்று பெருமரங்கள் நிற்கிற அந்தக் காட்டின் நடுவில் மலை. அதற்கு வேறு பெயர் இல்லை, ஏனென்றால் கிட்டடியில் வேறு மலை இல்லை. இவ்வளவையும் எங்கள் அமைப்புக்குத் தந்தவர் வெளிநாட்டில் இருக்கிற ஒரு அம்மா. தகப்பன் வழியில் வந்த உறுதிக் காணி. காடாகவே வைத்திருங்கள் என்று எழுதித் தந்தார். காடு காடாக இல்லாமல் போனால் காணி அவருடைய சகோதரங்களிடம் திரும்பிப் போகும் என்றும் எழுதியிருக்கிறார். அந்தச் சகோதரங்களில் ஒருவர் ஒருமுறை வந்து, மலையைப் பார்க்காமல், எத்தனை துண்டாய்ப் பிரிக்கலாம் என்று நடந்து அளந்துவிட்டுப் போனார். அது போதும், மிச்சம் உங்களுக்கு விளங்கும்.

இனிக் கணேஸ். என்னோடு ஒரே கிழமையில் வேலைக்குச் சேர்ந்தவன். அவனுடைய தாத்தா ஆட்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்கள். அவன் பிறந்தது வளர்ந்தது எல்லாம் வட்டக்கச்சி வயலுக்குள். உண்மையான மலையை அவன் கண்டது மொத்தம் இரண்டு தரம், அதுவும் கலியாண வீட்டுக்குப் போனபோது. ஆனால் கதையைக் கேட்டால் முகிலுக்குள் பிறந்தவன் மாதிரி இருக்கும். எங்கள் மலையை முதன்முதலில் பார்த்ததும் கேட்டான்: "இதுவோ மலை? எங்கட தாத்தா இதிலை இருந்து வெத்திலை போட்டிருப்பார்." அன்றைக்குத் தொடங்கிய சண்டை நாலு வருடம் ஓடியது. நான் மலை என்பேன், அவன் கல் என்பான். விருந்தாளிகள் வந்தால் நான் "மலை அந்தப் பக்கம்" என்று கையைக் காட்ட, பின்னால் நின்று "கல்லு, கல்லு" என்று வாயசைப்பான்.

எங்களுக்குப் பொறுப்பாயிருப்பவர் சுபா அக்கா. உங்களுக்குத் தெரியும், ஆனால் அவர் முன்பு மிதிவெடி அகற்றுகிற வேலையில் பல வருடம் இருந்தவர் என்பது தெரிந்திருக்காது. அவர் காலை எங்கே வைக்கிறார் என்று ஒருநாள் பாருங்கள். பார்க்காத இடத்தில் வைக்கமாட்டார். உள்ளே எத்தனை பேர், வெளியே எத்தனை பேர் என்று எண்ணாமல் ஒரு வேலையும் தொடங்கமாட்டார். அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்தார். தொடக்கத்தில் ஒரு பதிவுக் கொப்பி வைத்தாராம். முதல் மழையில் அது கஞ்சியாய்ப் போனது. இரண்டாவதைக் குரங்கு கொண்டுபோனது. பிறகுதான் வைரவர் பாலையைப் பார்த்தார்.

மோட்டைப் பாதை றோட்டில் தொடங்குகிற இடத்தில், சூலமும் கல்லும் வைத்திருக்கிற அந்தப் பாலை மரத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். காட்டுக்குள் போகிறவர் ஒரு குழையை, அதாவது இலையோடு ஒரு சின்னக் கொப்பை, முறித்து அதில் கட்டிவிட்டுப் போவது பழைய வழக்கம். உங்கள் வீட்டிலும் தேனுக்கோ விறகுக்கோ போகிறவர்கள் செய்திருப்பார்கள். சுபா அக்கா அதையே எங்கள் பதிவேடாக்கினார். போகும்போது கட்டு, திரும்பும்போது உன்னுடையதை நீயே அவிழ்த்து எறி. கணேசுக்கு எப்போதும் வேம்பு. சுபா அக்காவுக்குப் பாவட்டை. தவம் அண்ணை வேதக்காரர், அவரும் வீரை கட்டுவார். கேட்டால், இது சாமிக்கு இல்லை, சுபாவுக்கு என்பார். நான் கையில் அகப்பட்டதைக் கட்டுவேன். மரத்தைப் பார்த்தால் யார் உள்ளே என்று தெரியும். இலை வாடியிருக்கிற அளவில் எப்போது போனார் என்றும் தெரியும்.

கட்டாமல் போனால் தண்டனை, ஒரு கிழமை எல்லாருக்கும் சமைக்க வேண்டும். ஒருநாள் நான் ஐந்து நிமிட வேலைதானே என்று கட்டாமல் போய், கணேசிடம் அகப்பட்டேன். அவன் சுபா அக்காவிடம் சொன்ன விதம் இருக்கிறதே, ஏதோ நான் காட்டையே விற்றுவிட்டேன் போல. ஏழு நாள் குசினிக்குள் கிடந்தேன். கணேஸ் ஒவ்வொரு நேரமும் இரண்டாம் தரம் சோறு கேட்டான், பசியில்லாமல். அன்றைக்கே நினைத்துக்கொண்டேன், உனக்கு ஒருநாள் வைக்கிறன் என்று.

அந்த ஒருநாள் மூன்று வருடத்துக்கு முன், ஆவணி மாதத்தில் வந்தது.

கச்சான் காற்று மேற்கேயிருந்து காய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. புல் மிதித்தால் நொறுங்கும். காலமை கணேஸ் மோட்டையில் சேறு அள்ளப் போய்விட்டான். பத்து மணிபோல் நான் சைக்கிளில் அந்தப் பக்கம் போனபோது, வைரவர் பாலையில் அவனுடைய வேப்பங்குழை தனியே தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அவிழ்த்துச் சேட்டுக்குள் போட்டுக்கொண்டேன். எறிந்தால் கண்டுபிடிப்பான். அவன் வெளியே வரும்போது சுபா அக்காவும் நிற்க வேண்டும், மரத்தில் குழை இருக்கக் கூடாது, அவன் வேப்பங்குழை கட்டினேன் என்று வைரவர்மேல் சத்தியம் பண்ண வேண்டும், நான் ஒரு ஓரமாய் நின்று பார்க்க வேண்டும். இதுதான் திட்டம். ஒரு கிழமைச் சோற்றுக்கான திட்டம்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன் மேற்கே புகை கண்டோம். காட்டின் எல்லைக்கு அப்பால் யாரோ சேனைப் பயிருக்குக் காடு வெட்டி எரித்த நெருப்பு காற்றில் தாவிவிட்டது. யார் என்று இன்றுவரை தெரியாது. நானும் தவம் அண்ணையும் தண்ணீர்த் தாங்கியைக் கொழுவிக்கொண்டு உழவு இயந்திரத்தில் வைரவர் பாலையடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, புகை நிலத்தோடு சாய்ந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. சத்தமும் வந்தது. மழை வருகிற சத்தம் மாதிரி. அதுதான் எனக்குப் பயமாயிருந்தது, நெருப்பு மழை மாதிரிச் சத்தம் போடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

சுபா அக்கா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். செய்ய வேண்டியது ஒன்றுதான் என்று மூன்று பேருக்கும் தெரியும். றோட்டைத் தாண்டினால் பெரிய காடும் மலையும் போய்விடும், பிறகு நாங்கள் எதைக் காவல் காப்பது? நெருப்பு வந்து சேர முதல் றோட்டோரம் இருக்கிற புல்லை நாங்களே எரித்துவிட வேண்டும். அது மேற்கே மெல்லப் போய்ப் பெருநெருப்பைச் சந்திக்கும். பிறகு அதற்குத் தின்ன ஒன்றும் இருக்காது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் நிற்கிற உயிருக்குப் போக வழியும் இருக்காது.

சுபா அக்கா ஓலையில் கட்டிய சூள் பந்தத்தைக் கையில் எடுத்தார். முதலில் மரத்தைத்தான் பார்த்தார்.

"குழை ஒண்டும் இல்லை" என்றார். "கணேஸ் வந்திட்டானோ?"

தவம் அண்ணை, காலமை போகிறேன் என்று சொன்னவன், ஆனால் தான் காணவில்லை என்றார். மோட்டைப் பக்கம் போனும் வேலை செய்யாது. சுபா அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ரூபன், நீ கண்டனியோ?"

இந்த இடத்தைத்தான் மூன்று வருடமாய் நான் திரும்பத் திரும்ப நடந்து பார்க்கிறேன். குழை என் சேட்டுக்குள் இருக்கிறது. காம்பு நெஞ்சில் குத்துகிறது. வாயைத் திறந்து, நான்தான் எடுத்தேன் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது, மூன்று தரம் விழுந்தவனுடைய கணக்கு. புகை மணந்தால் கணேஸ் அங்கே இருப்பானா, அவன் என்ன பேயனா, வடக்குப் பக்கத்தால் இவ்வளவுக்கும் வெளியே போயிருப்பான். இப்போது சொன்னால் சுபா அக்கா என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவன்தான் வந்திருப்பானே.

"வந்திருப்பான் அக்கா" என்றேன்.

பெடியள், அந்தச் சொல்லை இந்த வேலையில் எப்போதும் சொல்லாதீர்கள். கண்டேன் என்று சொல்லுங்கள், காணவில்லை என்று சொல்லுங்கள். வந்திருப்பான், போயிருப்பான், அணைந்திருக்கும் என்றெல்லாம் சொல்கிறவன் தன் பயத்தைத்தான் சொல்கிறான்.

சுபா அக்கா சூளைக் கொழுத்திப் புல்லில் வைத்தார். புல் பிடித்தது. நாலு முழம் பிடித்திருக்கும். எனக்கு வாய் வரவில்லை. கைதான் போனது. சேட்டுக்குள் கையை விட்டு வேப்பங்குழையை எடுத்து அவருக்கு முன்னால் நீட்டினேன். வியர்வையில் நனைந்து, இலையெல்லாம் என் நெஞ்சில் ஒட்டிக் கிழிந்திருந்தது.

அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அணை" என்றார்.

மூன்று பேரும் பச்சைக் கொப்பால் அடித்து அந்த நாலு முழத்தையும் அணைத்தோம். அணைத்ததும் நான் பாதைக்குள் ஓடப் பார்த்தேன். பின்னாலிருந்து சேட்டைப் பிடித்து இழுத்தார். பொத்தான் இரண்டு பறந்தது.

"ஒருத்தனை எடுக்க ரெண்டாவது ஆளை நான் ஒருநாளும் விட்டதில்லை. நில்."

பிறகு அவர் செய்ததை நன்றாய்க் கேளுங்கள், ஏனென்றால் இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரமாட்டார்கள். கொழுத்தாமல் விட்டால் மலை போகும். கொழுத்தினால் கணேஸ் போவான். அவர் ஒரு நிமிடம் கூட எடுக்கவில்லை. வைரவர் பாலைக்கு இரண்டு பக்கமும் இருபது இருபது முழம் விட்டார். அது வாசல். மற்ற றோட்டோரம் முழுவதையும் அவரும் தவம் அண்ணையும் கொழுத்திக்கொண்டு போவார்கள். கணேசுக்குத் திசை தெரிய, நான் வாசலில் நின்று உழவு இயந்திரத்தின் கோர்னை விடாமல் அடிக்க வேண்டும். உள்ளே எட்டத்தில் ஒரு பெரிய முதிரை மரம் தலை தூக்கி நின்றது. அதைக் காட்டிச் சொன்னார்:

"அந்த முதிரை பத்துற மட்டும் வாசல் திறந்திருக்கும். பத்தினா மூடுவன். அதுக்குப் பிறகு என்னைக் கேளாதை."

அப்படிச் சொல்லும்போது அவருடைய குரல் சோறு கறி கேட்கிற குரல் போலத்தான் இருந்தது. எனக்கு அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் கூடப் பயம் வந்தது.

கோர்னை அடித்தேன். இரண்டு பக்கமும் எங்கள் நெருப்பு எழும்பியது, எதிரே பெருநெருப்பு. நடுவில் அந்த நாற்பது முழ வாசல். முதலில் முயல்கள் வந்தன. பிறகு உடும்பு ஒன்று, அவசரமே இல்லாமல் றோட்டைக் கடந்தது. புள்ளிமான்கள் என்னைத் தொடுகிற மாதிரிப் பாய்ந்து போயின. பிறகு ஒரு கரடி. நீங்கள் ஆசைப்பட்ட கரடி. எனக்கும் அதற்கும் நடுவில் இருபது முழம் இருக்காது, முதுகு மயிரில் புகை. அது என்னைப் பார்க்கவே இல்லை. நானும் அதைப் பார்த்து, நீ கணேஸ் இல்லையே என்று மட்டும்தான் நினைத்தேன்.

கோர்ன் கம்மத் தொடங்கியது. பிறகு நின்றுவிட்டது. நான் இறங்கி வாசல் நடுவில் நின்று கத்தினேன். கணேஸ், கணேஸ் என்று எத்தனை தரம் என்று தெரியாது. புகை தொண்டைக்குள் போய் வாந்தி வந்தது. முதிரையின் உச்சியில் ஒரு கொப்பு சிவந்தது. அதைக் கண்டதும் என் வாயில் என்ன வருகிறது என்று எனக்கே தெரியாமல் கத்தினேன்:

"டேய், அது மலை இல்லையடா! கல்லுத்தான்! நீ சொன்னதுதான் சரி, வாடா!"

நாலு வருடச் சண்டையை அப்படித் தோற்றேன். கேட்க ஒருவரும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

முதிரை பற்றியது. சுபா அக்கா வாசலின் ஒரு கரையிலிருந்து சூளைப் புல்லில் தொட்டுத் தொட்டு நடக்கத் தொடங்கினார். என்னைப் பார்க்கவில்லை. முப்பது முழம் திறந்திருந்தது, பிறகு இருபது. நான் அவரைத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று நினைத்தேன், கத்திக்கொண்டுதான் நின்றேன். தவம் அண்ணை சிலுவை போட்டுக்கொண்டு நின்றார்.

பத்து முழம் இருக்கும்போது கணேஸ் வந்தான். நடந்தும் வரவில்லை, ஓடியும் வரவில்லை. நிலத்தோடு நிலமாய்க் கையும் காலும் ஊன்றி, தலைக்குமேல் சேற்றுச் சாக்கோடு, கறுப்பாய் ஏதோ ஒன்று புகைக்குள்ளிருந்து வந்தது. இன்னொரு கரடி என்றுதான் நினைத்தேன். றோட்டில் ஏறி எழும்பி நின்றான். இருமினான். பிறகு என்ன செய்தான் தெரியுமா? நேரே வைரவர் பாலைக்குப் போனான். கண் திறக்க முடியவில்லை அவனுக்கு. கையை உயர்த்திக் கொப்பைத் தடவினான், இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"என்ர குழை எங்கை?" என்றான்.

நான் போய் அதை அவன் கையில் வைத்தேன். அவன் விரலால் இலையைத் தடவிப் பார்த்தான். கண்ணைக் கொஞ்சம் திறந்து என்னைப் பார்த்தான், பொத்தான் இல்லாத என் சேட்டைப் பார்த்தான். எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் முறைப்படி குழையை நிலத்தில் எறிந்தான். சுபா அக்கா அது விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் கடைசிப் பத்து முழத்தையும் மூடினார்.

மேற்குப் பக்கம் முழுவதும் போனது. பெரிய காடும் மலையும் நின்றன. நீங்கள் இப்போது வேலைக்குச் சேர ஒரு காடு இருப்பது அதனால்தான்.

சுபா அக்கா என்னை வேலையால் நிற்பாட்டவில்லை. இரண்டு நாள் கழித்து, நிலம் ஆறினதும், மோட்டைவரை தனியே நடந்து போய்விட்டு வரச் சொன்னார், அவ்வளவுதான். போனேன். இரண்டு பக்கமும் கரி. மோட்டைத் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. கரையில் கணேஸ் சேறு அள்ளிய பிளாஸ்ரிக் வாளி உருகி, தோசை மாதிரி நிலத்தோடு ஒட்டியிருந்தது. கைபிடிக் கம்பி மட்டும் மிச்சம். அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். எங்கள் அறைச் சுவரில் ஆணியில் தொங்குகிற வளைந்த கம்பி என்ன என்று நீங்கள் கேட்டீர்கள், தவம் அண்ணை யானை மிதித்த சைக்கிளுடையது என்றார். அது பொய். அது இதுதான்.

ஒருவரும் சொல்லாமலே நான் அந்த மாதம் முழுவதும் சமைத்தேன். கணேஸ் சாப்பிட்டான். இரண்டாம் தரம் கேட்கவில்லை. வேலை பற்றிக் கதைப்பான். மண்வெட்டியைத் தா, தண்ணீர் இருக்கோ, நாளைக்கு யார் வடக்குப் பக்கம், இவ்வளவும்தான். மலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒருமுறை விருந்தாளிகளுக்கு வேண்டுமென்றே "மலை அந்தப் பக்கம்" என்று சத்தமாய்ச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவன் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அடுத்த வருடம் தகப்பனின் வயலைப் பார்க்க வட்டக்கச்சிக்குப் போய்விட்டான். போகும்போது எல்லாருக்கும் கை தந்தான், எனக்கும்தான். அந்தப் புகைக்குள் திசை தெரியாமல் கிடந்தவன் எப்படிச் சரியாய் அந்தப் பத்து முழத்துக்கு வந்தான் என்று நான் அவனிடம் கேட்கவில்லை. கேட்கிற முகம் எனக்கு இல்லை.

ஆகவே பெடியள், நக்கலடியுங்கள். சுபா அக்கா மாதிரி ஒருவரோடு வேலை செய்ய நக்கல் வேண்டும். உப்பை மாற்றி வையுங்கள், சைக்கிள் காற்றைத் திறந்து விடுங்கள், தவம் அண்ணையின் தொப்பிக்குள் எறும்பு விடுங்கள். மரத்தில் தொங்குகிற மற்றவனுடைய குழையில் மட்டும் கை வைக்காதீர்கள். தெரியாமல் கை வைத்துவிட்டால், உங்களிடம் கேட்கிற முதல் தரமே சொல்லிவிடுங்கள். இரண்டாம் தரம் யாரும் கேட்கமாட்டார்கள். எனக்கு நாலு முழம் எரிகிற நேரம் கிடைத்தது. உங்களுக்குக் கிடைக்குமோ தெரியாது.

இதைக் கொப்பியில் எழுதி முடித்ததும் சுபா அக்காவிடம் கொடுக்கவில்லை. அவன் கதையை அவனைக் கேளாமல் நான் எப்படிக் கொடுப்பது? ஒவ்வொரு பக்கமாய்ப் படமெடுத்துக் கணேசுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். விருப்பமில்லை என்றால் சொல்லு, கிழித்துப்போடுகிறேன் என்றும் எழுதினேன். பார்த்துவிட்டான் என்று காட்டியது. பின்னேரம் போய், அடுத்த நாளும் போய், கொப்பியைக் கிழிக்கத்தான் வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது போனில் அவனுடைய மெசேஜ் வந்தது. ஒரே ஒரு வரி:

"அது கல்லுத்தான் எண்டு நீ கத்தினதைக் கேட்டுத்தானடா அண்டைக்கு அந்தப் பக்கம் ஊர்ந்தனான், இப்ப என்னத்துக்கு மலை மலை எண்டு எழுதி வைச்சிருக்கிறாய்?"